படகு கிளம்புறதுக்கு முந்தி ஸ்கூல் திறந்துடணும்

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை எங்க ஊரு ஸ்கூல்ல மேலாண்மைக் குழு மீட்டிங். மூணு மணிக்கு ஆரம்பிச்சது ஆறரைக்குத்தான் முடிஞ்சது, கேட்டைப் பூட்டுற அண்ணன் சாவியைக் கையில வச்சுக்கிட்டே வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. பேசுனது எல்லாம் ஒரே விஷயம், ஸ்கூலு எப்பத் திறக்கணும், லீவு எந்த மாசத்துல விடணும், மழையில போன நாளை எந்தக் கிழமையில ஈடு கட்டணும். அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

எங்க ஊரு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்தை ஒட்டி இருக்கு. பாதி வீடு விசைப்படகு, மீதி நாட்டுப்படகு, கருவாடு, கடல்பாசின்னு போகும், கொஞ்சம் பேரு கோயில் பக்கம் ஆட்டோ ஓட்டுறாங்க. என் வீட்டுக்காரரு விசைப்படகுல டிரைவர், படகு ஓட்டுறவங்களை இங்க டிரைவர்னுதான் சொல்லுவோம். நான் இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன். பையன் எட்டாவது படிக்கிறான், அதனாலதான் குழுவுல என்னையும் சேத்தாங்க. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேராவது பொம்பளைங்களா இருக்கணும், அதனால எங்க ஊர்ல இந்த ஒரு மீட்டிங்லதான் பொம்பளைங்க முன் பெஞ்சுல உக்காந்து பேசுறோம்.

மனுவை டைப் பண்ணதே நான்தான், அதை முதல்லயே சொல்லிடுறேன். "மீனவ கிராமத்துப் பள்ளிகளை மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகே திறக்க வேண்டும்"னு கலெக்டருக்கு ஒரு பக்க மனு, ஒரு வாரமா நாலு தெருவுல கையெழுத்து வாங்கியாச்சு. தடைக்காலம்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகக் கூடாது. 2001ல ஆரம்பிச்சப்ப 45 நாளுதான், 2017ல 61 ஆக்குனாங்க. மீன் முட்டை போடுற காலம், வேணும்தான், அதைப் பத்தி எங்க யாருக்கும் சண்டை இல்ல. கவர்மெண்ட் நிவாரணம் 8,000 ரூபா, ரெண்டு மாசத்துக்கு. ஸ்கூலு 2025ல ஜூன் 2ந் தேதி திறந்துட்டாங்க. அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, ஏப்ரல் பாதியில நின்ன வருமானம் ஜூன் பாதிக்கு மேலதான் வரும், ஆனா பிள்ளைக்கு ஷூ, பை, டிபன் பாக்ஸ், பஸ்ஸு காசு எல்லாம் ஜூன் முதல் வாரத்துல வேணும். நோட்டு, புஸ்தகம், யூனிபார்ம் கவர்மெண்ட் குடுக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா பெரிய கிளாஸ் போக டவுனுக்கு அனுப்புற வீட்டுல, பிரைவேட்ல சேத்துவிட்ட வீட்டுல, ஜூன் மாசம் நகை அடகுக்குப் போகாம இருக்காது. என் தோடே மூணு ஜூன் அடகுல இருந்திருக்கு.

மீட்டிங்ல இதைத்தான் ஒரு அக்கா எந்திரிச்சுச் சொன்னாங்க. "டீச்சர், நாங்க படிப்பு வேணாம்னா சொல்றோம்? பதினஞ்சாந் தேதி படகு போகும், பதினாறு காலையில மீன் கரைக்கு வந்துரும், கையில நாலு காசு இருக்கும். அன்னைக்குத் திறந்தா எம்புள்ளையும் புதுச் செருப்போட வருவான்ல. ரெண்டு வாரத்துல என்ன குடி முழுகிப் போகுது?" அம்புட்டுப் பேரும் ஆமா ஆமான்னாங்க, நானும்தான். ஹெச்.எம். ஐயா பொறுமையா பதில் சொன்னாரு, அஞ்சாவது வரைக்கும் 200 நாளு, ஆறுல இருந்து எட்டாவது வரைக்கும் 220 நாளு நடத்தணும்னு சட்டம் இருக்கும்மா, இங்க ரெண்டு வாரத்தை எடுத்தா வேற எங்கயாவது வைக்கணும், எங்க வைக்கிறது நீங்களே சொல்லுங்கன்னாரு. மழைக்காலத்துல வைக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் 20ந் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாளுல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. அந்த மாதிரி லீவை எல்லாம் அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமையா ஈடு கட்டிட்டு இருக்காங்க.

ஒரு அண்ணன் கேட்டதும் நியாயம்தான். "வெயிலுக்குன்னா தள்ளி வைக்கிறாக, 2023ல ஜூன் 12க்குத் தள்ளுனாக, சின்னப் புள்ளைகளுக்கு 14. 2024ல 10. அது யாருக்கு வெயிலு? வேலூருக்கும் கரூருக்கும் வெயிலு. நமக்கு இங்கிட்டு கடக்காத்து அடிக்குது. அவுகளுக்காகத் தள்ளலாம்னா எங்களுக்காகத் தள்ளக் கூடாதா?" கச்சான் காத்து ஆளைத் தள்ளுற மாசம் அது, மண்ணு கண்ணுல அடிக்கும், ஆனா உள்நாட்டுல இருக்குற மாதிரி அனல் இங்க கிடையாது. மாநிலம் முழுக்க ஒரே தேதின்னா எங்கயோ அடிக்கிற வெயிலுக்கு இங்க லீவு, இங்க அடிக்கிற மழைக்கு மட்டும் கலெக்டர் தனியா சொல்லணும். இந்த ஒரு விஷயத்துல நான் இன்னைக்கும் அந்த அண்ணன் பக்கம்தான்.

அப்பத்தான் கணக்கு டீச்சர் எந்திரிச்சாங்க. பரமக்குடிப் பக்கத்துல இருந்து வந்தவங்க, எங்க ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. அட்டெண்டன்ஸ் எல்லாம் இப்ப போன்லதான் போடுறாங்க, ஆனா டீச்சர் அது போக தனியா ஒரு நீள நோட்டு வச்சிருக்காங்க, அதைத் தூக்கிட்டு வந்து மேசையில விரிச்சாங்க. ஏழாவது, எட்டாவதுப் பசங்க பேரு வரிசையா, தேதி வரிசையா, வராத நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவுல ஒரு புள்ளி. நாங்க நாலஞ்சு பேரு குனிஞ்சு பாத்தோம். முதல்ல ஒண்ணும் புரியல, அப்புறம் டீச்சர் ஸ்கேலை எடுத்து நெட்டுக்கு வச்சாங்க. செவ்வாக்கிழமை ஒரு கோடு, வியாழக்கிழமை ஒரு கோடு. புள்ளி எல்லாம் அந்த ரெண்டு கோட்டுலதான் அப்பிக்கிட்டு இருந்துச்சு.

அந்த நிமிஷம் எங்க யாருக்கும் பேச்சே வரல, ஏன்னா அது ஏன்னு எங்களுக்குத் தெரியும், டீச்சருக்குத்தான் தெரியாது. எங்க விசைப்படகு திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிட்டுப் போகும், மறுநாள் காலையில கரைக்கு வரும். அப்ப செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில ஜெட்டியில, அதான் படகு கட்டுற துறையில, மீன் இறங்கும். அஞ்சு மணிக்கெல்லாம் பயலுக போயிருவாங்க, கூடை தூக்க, ஐஸ் அள்ள, சங்காயம் பிரிக்க. சங்காயம்னா மடி வலையில மத்த மீனோட வர்ற பொடிசு, கோழித் தீவனத்துக்குப் போறது, அதுக்குள்ள கெடக்குற ஒண்ணு ரெண்டு நல்ல மீனையும் இறாலையும் பொறுக்கி எடுக்குறதுக்குச் சின்னக் கைதான் தோது. நூறு ரூபா கிடைக்கும், இல்லைன்னா ஒரு பை மீனு. எட்டரைக்கு முடிஞ்சாலும் வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு ஒன்பதே காலுக்கு லைன்ல நிக்க முடியாது, லேட்டாப் போனா திட்டு விழும்னு அன்னைக்கு முழுக்கவே போறது இல்ல. ஒரு அம்மா மெதுவா இதைச் சொன்னாங்க. டீச்சர் ஸ்கேலைக் கீழ வச்சுட்டு, "ஆறு வருஷமா செவ்வாக்கிழமை முதல் பீரியட்தான் பின்னம் நடத்திட்டு இருக்கேன்"னாங்க. அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் நோட்டுல வேற ஒரு பக்கத்தைத் திருப்புனாங்க, 2023ம் வருஷம். அந்த வருஷம் ஜூன் 12ந் தேதிதான் திறந்தது, படகு போறதுக்கு மூணே நாளு முந்தி. அந்தப் பக்கத்துல நாலு பேருக்கு முதல் நாள்ல இருந்தே புள்ளி, கடைசியில பேரு மேலயே ஒரு கோடு. நாலு பேரும் ஏழாவது முடிச்சு எட்டாவது சேர வேண்டியவங்க. நாலு பேரையும் எனக்குத் தெரியும், ரெண்டு பேரு எங்க தெரு.

எப்படிப் போறாங்கன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். இங்க தடைக்காலம் ஆரம்பிச்ச உடனே ஆம்பளைங்க நிறையப் பேரு கேரளாப் பக்கம் வேலைக்குப் போவாங்க, அங்க தடை ஜூன் மாசத்துலதான் ஆரம்பிக்கும். மாமன், சித்தப்பன் போகும்போது லீவுல சும்மாதானே இருக்கான்னு பயலையும் கூட்டிட்டுப் போவாங்க. சோறு பொங்க, வலை தைக்க, ஐஸ் உடைக்க. ஜூன்ல அங்க தடை வந்த உடனே திரும்பி வருவாங்க. இங்க படகு போறதுக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கும். அந்த நாள்தான் முக்கியம். அப்ப ஸ்கூலு திறந்திருந்தா பய வேற வழி இல்லாம யூனிபார்மைப் போட்டுட்டுப் போயிருவான், கூட்டாளிகளைப் பாப்பான், புதுப் புஸ்தகம் வாசம் பிடிப்பான், கிளாஸ்ல பேரு ஏறிரும். திறக்கலைன்னா பதினஞ்சாந் தேதி ஜெட்டியில நிப்பான். தடை முடிஞ்சு கடலுக்குப் போற முதல் பாடு எங்க ஊர்ல திருவிழா மாதிரி, படகுக்குப் பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, ரெண்டு மாசம் ஓய்ஞ்ச கடல்ல இறால் குமிஞ்சு கெடக்கும், பங்குக் காசு கை நிறைய வரும். பதிமூணு வயசுப் பயலுக்கு அந்தக் காசை ஒரு தடவை கையில வாங்குனப்புறம் பின்னம் எதுக்கு?

சட்டத்துல பதினாலு வயசு வரைக்கும் வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு இருக்கு, 2016ல திருத்துனாங்க. ஆனா அதுலயே ஸ்கூல் முடிஞ்ச நேரத்துலயும் லீவு நாள்லயும் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை பண்ணலாம்னு ஒரு வழி விட்டிருக்காங்க. எங்க ஊர்ல குடும்பத் தொழில் எதுன்னு தனியா சொல்லணுமா? லீவு எவ்வளவு நீளமோ அந்த வழியும் அவ்வளவு அகலம்.

எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துருச்சு.

அவன் எட்டாவது முடிச்சது 1999. அப்ப தடைக்காலமே கிடையாது, மே மாசம் முழுக்கப் படகு ஓடும். பரீட்சை முடிஞ்ச மறுநாளே அப்பா கூடப் போனான், லீவுக்குத்தான், ஒரு மாசத்துக்குத்தான். முதல் தடவை கடலுக்குப் போன காசுல எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிட்டு வந்தான், மஞ்சக் கலர், மூடியில குதிரைப் படம். எனக்கு அப்ப பத்தாவது. ஜூன்ல ஸ்கூலு திறந்துச்சு, இன்னும் ஒரு வாரம்னான், அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான், அம்மா பையை எடுத்து ஆணியில மாட்டி வச்சாங்க, ஆடி மாசம் வரைக்கும் அங்கேயே தொங்குச்சு. கணக்குல என்னை விட அவன்தான் கெட்டிக்காரன், எனக்கு வட்டி கணக்கு சொல்லிக் குடுத்ததே அவன்தான், ரெண்டு கிளாஸ் கீழ படிச்சுக்கிட்டு. இப்ப ஒரு படகுல டிரைவரா இருக்கான், நல்லா இருக்கான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவை பேங்க்ல லோன் பாரத்தை என்கிட்ட நீட்டி, "அக்கா, இத நீயே எழுதிரு, தப்பா எழுதிருவேன்"னான். அந்த "தப்பா எழுதிருவேன்" எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

அதனால மீட்டிங்ல எந்திரிச்சு, நான் டைப் பண்ண மனுவையே நான் எதிர்க்கிறேன்னு சொன்னேன். சொல்றப்ப கை நடுங்குச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தவங்க எல்லாம் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. ஒரு மதினி கோவமாவே கேட்டுச்சு, "அப்ப ஜூன் மாசச் செலவுக்கு நீ குடுப்பியா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஹெச்.எம். ஐயாதான் சொன்னாரு, பள்ளிக்கூடத்துல இருந்து எந்தக் காசும், கைடு, பெல்ட்டு, குரூப் போட்டோ எதுவா இருந்தாலும் ஜூலை பொறக்குற வரைக்கும் கேக்க மாட்டோம், செருப்பு இல்லாம வந்தாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பொறுப்புன்னு. மதினிக்குக் கோவம் முழுசா தணியல. தணியணும்னு நான் எதிர்பாக்கவும் இல்ல, அவங்க வீட்டுக்காரரு போன வருஷம் பிடிபட்டு இலங்கை ஜெயில்ல நாலு மாசம் இருந்துட்டு வந்தவரு, படகு இன்னும் அங்கதான் கெடக்கு. அந்த வீட்டுக்கு ஜூனும் ஒண்ணுதான் ஜனவரியும் ஒண்ணுதான்.

அதுக்கப்புறம் பேச்சு வேற மாதிரி மாறுச்சு, தேதியை விட்டுட்டு ஒவ்வொருத்தரா அவங்கவங்க வீட்டு நாளைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. பாசி எடுக்கப் போற ஒரு அக்கா சொன்னாங்க, அமாவாசையை ஒட்டி அஞ்சாறு நாளு, பௌர்ணமியை ஒட்டி அஞ்சாறு நாளு வத்தம் நல்லா இருக்கும், அதான் கடத்தண்ணி நல்லா உள்வாங்கும், விடியுமுன்ன வல்லத்துல கிளம்பிருவோம், அந்த நாள்ல மூத்த பொண்ணுதான் சின்னவனைக் குளிப்பாட்டி பால்வாடியில விடணும்னு. டீச்சர் உடனே நோட்டைத் திருப்பிப் பாத்தாங்க, ஏழாவதுல அந்தப் பொண்ணோட வரிசையில புள்ளி ரெண்டு கூட்டமா, மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சம் நகந்து நகந்து இருந்துச்சு. டீச்சர் இத்தனை நாளா அதை வேற காரணம்னு நினைச்சிருக்காங்க. சாயல்குடிப் பக்கத்துல இருந்து இங்க வந்து பனை ஏறுற ஒரு அய்யா, பதனி மாசியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும், கருப்பட்டி காய்ச்சுறப்ப குடும்பத்தோட காட்டுலதான் குடிசை, முழுப் பரீட்சை சரியா சித்திரையில வருது, ராத்திரி விளக்கு கூட இல்ல, எம்மகள் எங்க படிப்பான்னு கேட்டாரு. ஏர்வாடி சந்தனக்கூடு வருஷத்துக்கு பத்து பதினோரு நாளு முந்தி முந்தி வருதே, அது பரீட்சை மேல விழுற வருஷம் என்ன பண்றதுன்னு ஒரு பாய் கேட்டாரு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகு போற ரெண்டு நாளும் பாதி கிளாஸ் காலியா இருக்கும், அதுக்கு லீவு கேட்டு ஒரு வரி எழுதணும்னு ஒரு அக்கா. ஒரே ஊருக்குள்ள இம்புட்டுக் காலண்டர் ஓடுது, நான் பொறந்து வளந்த ஊருதான், எனக்கே பாதி தெரியாது.

சனிக்கிழமை விஷயம் மட்டும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. மழை லீவை சனிக்கிழமை ஈடு கட்டுறது கஷ்டமா இருக்குமேன்னு டீச்சருங்கதான் தயங்குனாங்க. எங்களுக்கு சனிக்கிழமைதான் நல்லது. படகு காலையில போயிரும், ஜெட்டியில ஒண்ணும் இருக்காது, பயலுக சும்மாதான் சுத்துவாங்க. கஷ்டம் டீச்சருக்குத்தான், சனிக்கிழமை வேலைன்னா பரமக்குடிக்குப் போயிட்டு வர்ற ஞாயித்துக்கிழமையே கையில நிக்காது. அதை அவங்க சொல்லாமலே ஒத்துக்கிட்டாங்க.

பெரிய வாக்குவாதம் செவ்வாய் வியாழன்ல வந்துச்சு. கணக்கு டீச்சர், அந்த ரெண்டு நாளும் முதல் பீரியட்டை விளையாட்டு, ரெண்டாவது பீரியட்டை ஓவியம்னு வச்சுட்டு, கணக்கையும் அறிவியலையும் பத்தரைக்கு மேல தள்ளிரலாம், லேட்டா வர்றவனை வாசல்ல நிறுத்தாம உள்ள விட்டுரலாம்னாங்க. ஹெச்.எம். ஐயா தலையை ஆட்டுனாரு. "அப்படிச் செஞ்சா பயலுக ஜெட்டிக்குப் போறதை நாமளே சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும் டீச்சர். இன்னைக்கு முதல் பீரியடு, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கேப்பாங்க." அவரு சொன்னதுல உண்மை இருக்கு. சின்னப் பிள்ளை கையில மீன் முள்ளு குத்தி வீங்கிப் போய் பேனா பிடிக்க முடியாம உக்காந்திருந்ததை நானே பாத்திருக்கேன். ஜெட்டிக்கு அனுப்பவே கூடாதுங்கிறதுதான் சரி. ஆனா அந்தச் சரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னா, நாளைக்கும் செவ்வாக்கிழமை அந்தச் சிவப்புப் புள்ளி விழத்தானே செய்யும்? லேட்டா வர்ற பயலை உள்ள விட்டா ஆறு பீரியடு படிப்பான், வாசல்ல நிறுத்துனா ஒண்ணும் படிக்க மாட்டான், நாலு மாசத்துல வாசலுக்கே வர மாட்டான். இதைத்தான் நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், ஐயா மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிக்கணும்.

கடைசியில ரெண்டுங்கெட்டானா ஒரு முடிவுக்கு வந்தோம். ஆறாவது, ஏழாவதுப் பிள்ளைகளை ஜெட்டிக்கு அனுப்புறது இல்லைன்னு பெத்தவங்க எல்லாரும் நோட்டுல கையெழுத்துப் போட்டோம். எட்டாவதுப் பசங்க விஷயத்துல அப்படி ஒத்துக்க ரெண்டு வீடு மறுத்துட்டாங்க, அதனால எட்டே காலுக்கு மேல யாரும் பயலை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு படகு சங்கத்துல பேசுறதுக்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கோம். டைம்டேபிளை ஜூலை, ஆகஸ்ட் மட்டும் மாத்திப் பாக்கலாம்னு ஐயா இறங்கி வந்தாரு. அமாவாசை, பௌர்ணமி நாள்ல பால்வாடிக்குச் சின்னதுகளைக் கூட்டிட்டுப் போக மூணு ஆயாமாருங்க பேரு குடுத்தாங்க. பதனிக்காரர் மகளுக்கு மட்டும் அன்னைக்கு ஒரு வழியும் கிடைக்கல. அது எனக்கு இன்னும் மனசுல கெடக்கு. மனுவைத் திருத்தி எழுதுனேன்: கடற்கரைப் பள்ளிகளை எந்த வருஷமும் ஜூன் 15க்கு முந்தியே திறந்துடணும், வெயிலுக்காகத் தள்ளுனாலும் இங்க தள்ள வேணாம், உள்ளூர் விடுமுறையில மூணு நாளையாவது ஊர்க் குழு கிட்டக் கேட்டு முடிவு பண்ணணும். பழைய மனுவுல கையெழுத்துப் போட்டவங்கள்ல பதினொரு பேரு இதுல போடல.

டீச்சர் என்கிட்ட ஒரு உதவி கேட்டாங்க, படகு வர்ற நாளு, பாசிக்குப் போற நாளு எல்லாத்தையும் ஒரு காலண்டர்ல குறிச்சுக் குடுங்கன்னு, பரீட்சை வைக்கிறப்ப பாத்துக்குறேன்னு. ஞாயித்துக்கிழமை படகு கரைக்கு வந்து தூங்கி எந்திரிச்சப்புறம் தம்பியைக் கூப்பிட்டேன். மளிகைக் கடையில குடுத்த மாசக் காலண்டரை ஆணியில இருந்து கழட்டித் தரையில விரிச்சு, என் பையனோட நீலப் பேனாவை வாங்கிக்கிட்டு அவன்தான் குறிச்சான். "நீயே எழுதிருக்கா"ன்னு முதல்ல நீட்டுனான், நான் வாங்கல. கட்டத்துக்குள்ள சின்னதா "போக்கு", "வரத்து"ன்னு எழுதிக்கிட்டே வந்தான். அமாவாசைக்குப் பக்கத்துல வத்தம் எத்தனை மணிக்குன்னு விரலை மடக்கிக் கணக்குப் பண்ணி அதையும் ஓரத்துல போட்டான், யாரும் கேக்கல. என் பையன் பக்கத்துல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மாமா அது எப்படித் தெரியும்னு கேட்டான், தினம் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளும்டான்னு அவன் கணக்கு சொல்லிக் குடுத்தான். ஜூலை முடிஞ்சு, ஆகஸ்ட்டு முடிஞ்சு, செப்டம்பர்ல காலாண்டுப் பரீட்சை வாரம் வரைக்கும் வந்தாச்சு. அக்டோபர் தாளு வந்ததும் பேனாவை மூடி வச்சுட்டான். இங்கிட்டு மழையைப் பாத்துத்தான்க்கா எழுதணும், இப்ப எழுதுனா தப்பாயிரும்னான். திங்கக்கிழமை காலையில அதை அப்படியே சுருட்டி டீச்சர்கிட்டக் குடுத்துட்டு வந்தேன், செப்டம்பர் வரைக்கும்தான் இருக்குன்னு சொல்லி.